கட்டத்தை எண்ணிப் பெற்ற படித்திறன்: தரம் 11 வகுப்பொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து காலையில் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வருகிறவர்களில் நானும் ஒருவன். மாணவர்களில் அநேகர் வயல் செய்யும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அறுவடைக் காலத்தில் வகுப்பில் வெற்றிடங்கள் தெரியும். மற்றக் காலங்களில் வரவு குறைவதில்லை.

இங்கே பதிவு செய்வது தரம் 11 வகுப்பொன்றில் இரண்டாம் தவணைப் பரீட்சையோடு தொடங்கி, ஆண்டிறுதியில் ஓரளவு தீர்ந்த ஒரு சிக்கல். பாட அலகு சிறியது: வரைபில் தரப்பட்ட நேர்கோட்டின் சமன்பாட்டை எழுதுதல். கோடு வை அச்சை வெட்டும் இடத்திலிருந்து வெட்டுத்துண்டு 'சி' கிடைக்கிறது. எக்ஸ் ஓர் அலகு கூடும்போது வை எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து படித்திறன் 'எம்' கிடைக்கிறது. இரண்டையும் 'வை = எம் எக்ஸ் + சி' என்ற வடிவில் இட்டால் வேலை முடிந்தது. இதே வகுப்பு எதிர்த் திசையில் நன்றாகவே செய்தது. சமன்பாட்டைக் கொடுத்தால் அட்டவணை அமைத்து, புள்ளிகளைக் குறித்து, அடிமட்டம் வைத்துக் கோட்டைக் கீறிவிடுவார்கள். கீறிய கோட்டைக் கொடுத்துச் சமன்பாட்டைக் கேட்டால் சறுக்கியது.

பெயர்கள் எதையும் எழுதவில்லை. 'மாணவி' என்று கீழே வருபவர் ஒருவரே. அட்சரகணிதத்தில் கெட்டிக்காரி; இருபடிச் சமன்பாடுகளை வகுப்பில் எல்லோருக்கும் முன்பே முடித்துவிட்டு மற்றவர்களின் கொப்பியை எட்டிப் பார்ப்பவர். அப்படிப்பட்டவரும் பிழை விட்டதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

பரீட்சைத் தாளில் கண்டது

வினாவில் ஒரே தளத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. சென்ரிமீற்றர் கட்டங்கள். எக்ஸ் அச்சில் ஒரு கட்டம் ஓர் அலகு. வை அச்சில் ஒரு கட்டம் இரண்டு அலகு. முதற்கோடு (0, −4), (2, 2) ஆகிய புள்ளிகளின் ஊடாகச் சென்றது. இரண்டாவது (0, 6), (3, 0) ஆகியவற்றின் ஊடாக இறங்கியது. சரியான விடைகள் 'வை = 3எக்ஸ் − 4', 'வை = −2எக்ஸ் + 6'.

வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் முதற்கோட்டுக்கு 'வை = 3/2எக்ஸ் − 4' என்று எழுதியிருந்தனர். இரண்டாவதற்கு விடைகள் சிதறிக் கிடந்தன. சிலர் 'வை = எக்ஸ் + 6' என்றும் சிலர் 'வை = −எக்ஸ் + 6' என்றும் எழுதினர். இருவர் கோடு எக்ஸ் அச்சை வெட்டிய 3 என்ற எண்ணை வெட்டுத்துண்டு என்று எடுத்திருந்தனர்.

திருத்தும்போது இவற்றை இரண்டு வெவ்வேறு பிழைகளாகவே கணக்கிட்டேன். முதற்கோட்டில் அளவிடையை, அதாவது அச்சில் ஒரு கட்டம் எத்தனை அலகு என்பதை, கவனிக்கவில்லை. இரண்டாவதில் குறியை மறந்துவிட்டார்கள். 'கவனயீனம்' என்று சிவப்பு மையில் எழுதிப் புள்ளியைக் குறைத்தேன். அந்தச் சொல்லை எழுதுவது ஆசிரியருக்கு மிகவும் வசதி. எழுதிய பிறகு மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது.

ஒரு விடயம் அன்றே உறுத்தியது, ஆனாலும் நின்று பார்க்கவில்லை. 3/2 என்று எழுதிய அதே பிள்ளைகள் வெட்டுத்துண்டை −4 என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். அளவிடையை அறவே கவனிக்காதவர்கள் என்றால் அங்கேயும் இரண்டு கட்டம் கீழே என்று −2 அல்லவா எழுதியிருக்க வேண்டும்?

முதல் நடவடிக்கையும் அது ஏமாற்றிய விதமும்

பரீட்சைக்குப் பின் பயிற்சித் தாள் ஒன்றை நானே தயாரித்தேன். இருபது கோடுகள், ஏறுகிறவை, இறங்குகிறவை, பின்னப் படித்திறன் உள்ளவை எனக் கலந்து கொடுத்தேன். இரவில் இருந்து கையால் கீறிய தாள் அது. கீறுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று இரு அச்சுகளிலும் ஒரு கட்டத்துக்கு ஓர் அலகு என்றே வைத்துக்கொண்டேன்.

வகுப்பு அதை அழகாகச் செய்தது. இறங்கும் கோடுகளுக்குக் குறியும் சரியாக வந்தது, ஏனென்றால் 'இறங்கினால் மறை' (கழித்தற்குறி) என்று பலகையின் மேல் மூலையில் எழுதி வைத்திருந்தேன். சிக்கல் தீர்ந்தது என்று எண்ணி அடுத்த அலகுக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்து ஓர் அலகுப் பரீட்சை. (0, 10), (4, 30) ஊடாகச் செல்லும் கோடு. வை அச்சில் ஒரு கட்டம் ஐந்து அலகு. தாளில் அந்தக் கோடு கட்டங்களின் மூலைக்கு மூலை, 45 பாகையில் சாய்ந்து நின்றது. பெரும்பாலானோர் படித்திறன் 1 என்று எழுதினர். சரியான விடை 5. நான் செய்வித்த இருபது பயிற்சிகளும் இந்தப் பிழையை ஒரு தடவைகூட வெளியே வரவிடவில்லை. இரு அச்சுகளிலும் அளவிடை ஒன்றாக இருக்கும்போது கட்டங்களின் விகிதமும் அலகுகளின் விகிதமும் ஒன்றேதான். பிழையான வழியில் போனாலும் சரியான இடத்துக்கே வந்து சேரலாம்.

அடுத்து, ஊர்ப் பக்கத்து உதாரணம் கொண்டுவந்தால் விளங்கும் என்று நம்பினேன். உழவு இயந்திரத்தில் நெல் மூடை ஏற்றும் கூலி: ஏற்றுவதற்கு 500 ரூபா, பிறகு கிலோமீற்றருக்கு 100 ரூபா என்று வைத்துக்கொண்டு பலகையில் வரைபையும் கீறி, கதையையும் சொன்னேன். ஒருவர் பாக்கியில்லாமல் 'வை = 100எக்ஸ் + 500' என்று எழுதினார்கள். மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன். இரவு கொப்பிகளைப் பார்த்தபோது பலர் வரைபைப் பிரதி செய்யவே இல்லை. கதையின் கீழே நேராகச் சமன்பாடுதான் இருந்தது. 100உம் 500உம் என் வாயிலிருந்து வந்தவை. கோட்டை அழித்துவிட்டுக் கேட்டிருந்தாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும். உதாரணம் நல்லதுதான், வரைபை வாசிக்கிறார்களா என்பதை மட்டும் அது சோதிக்கவில்லை.

மாணவியோடு ஒரு பிற்பகல்

கச்சான் காற்று அடிக்கும் காலம். யன்னலோர மேசையில் விரித்த வரைபுத்தாள் பறக்காமலிருக்க வெண்கட்டிப் பெட்டியை அதன் மேல் வைத்தோம். பாடசாலை விட்ட பின் பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. தவணைப் பரீட்சைத் தாளின் முதற்கோட்டை மீண்டும் கீறிக் கொடுத்து, மாணவி செய்வதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பென்சில் முனையை −4இல் வைத்தார். அங்கிருந்து வலப்பக்கம் இரண்டு கட்டம், மேலே மூன்று கட்டம் என்று உதட்டுக்குள் எண்ணினார். 3/2 என்று எழுதினார்.

"மகள், இந்த −4 எங்கிருந்து வந்தது?"

"இதோ, இங்கே எழுதியிருக்கிறது சேர்." அச்சில் இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"அந்த 3?"

"கட்டம் மூன்று. எண்ணினேன்."

"அங்கே ஏன் அச்சில் இருக்கும் எண்ணைப் பார்க்கவில்லை?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு பையைத் திறந்து, கடந்த ஆண்டுக் கொப்பியை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். சிவப்புப் பேனையால் பெட்டி கட்டிய வரி அது: 'படித்திறன் = ஏறிய கட்டம் / நகர்ந்த கட்டம்'.

"நீங்கள்தானே சேர் சொல்லித் தந்தீர்கள்."

நான்தான். தரம் 10இலும் இந்த வகுப்பு என்னிடமே இருந்தது. படித்திறன் என்ற சொல்லிலேயே படி இருக்கிறது; 'ஒரு படி வலப்பக்கம் போனால் எத்தனை படி ஏறுகிறது என்று பாருங்கள்' என்று மாடிப்படியைக் காட்டி விளக்கியது நினைவுக்கு வந்தது. நல்ல விளக்கம் என்று பெருமைப்பட்டதும் நினைவுக்கு வந்தது. ஆனால் வரைபுத்தாளைப் பார்க்கும் பிள்ளையின் கண்ணுக்குப் படி என்றால் கட்டம்தான். இந்தியக் காணொளிகளில் இதையே 'சாய்வு' என்கிறார்கள். கைத்தொலைபேசியில் அவற்றைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகளும் வகுப்பில் உண்டு. அந்தச் சொல்லும் கோட்டின் தோற்றத்தின் மேலேயே கண்ணை நிறுத்துகிறது: எவ்வளவு சரிந்திருக்கிறது என்று.

உறுத்திய கேள்விக்கு விடை அந்தக் கொப்பிப் பக்கத்தில் இருந்தது. எண் எழுதப்பட்ட இடத்தில் அவர்கள் எண்ணை வாசித்தார்கள்; எண் இல்லாத இடத்தில் கட்டத்தை எண்ணினார்கள். குறி தவறியதும் இதனால்தான். கட்டங்களை எண்ணினால் மூன்று என்று வருமே ஒழிய மறை மூன்று என்று வருவதில்லை. 'இறங்கினால் மறை' என்பதைத் தனியாக நினைவில் வைத்துப் பின்னால் ஒட்ட வேண்டியிருந்தது. நினைவு வந்தவர்கள் 'வை = −எக்ஸ் + 6' என்றும் வராதவர்கள் 'வை = எக்ஸ் + 6' என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு நோய் என்று நான் நினைத்தது ஒன்றுதான்.

எடுத்த தீர்மானங்கள்

கட்டம் எண்ணுவதைத் திருத்தி வைத்துக்கொள்வதா, அறவே விடுவதா என்பது முதற் கேள்வி. திருத்த வழி இருக்கிறது. வை அச்சில் ஒரு கட்டம் எத்தனை அலகோ அதை, எக்ஸ் அச்சில் ஒரு கட்டம் எத்தனை அலகோ அதனால் வகுத்து, கட்ட விகிதத்தோடு பெருக்கினால் சரியான படித்திறன் வரும். முதற்கோட்டில் 3/2 × 2/1 = 3. இதைக் கற்பிக்கலாம் என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். நான் விரும்பவில்லை. பரீட்சை மண்டபத்தில் மறந்துபோக இன்னுமொரு சூத்திரமாகத்தான் அது முடியும். குறியையும் அது கவனிக்காது.

எனவே 'கட்டம்' என்ற சொல்லையே இந்தப் பாடத்தில் தவிர்ப்பது என்று முடிவு செய்தேன். கோடு கட்டங்களின் மூலையில் சரியாகக் கடக்கும் இரண்டு புள்ளிகளைத் தெரிந்து, அவற்றின் ஆள்கூறுகளை அடைப்புக்குறிக்குள் எழுதிய பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். (0, 6), (3, 0) என்று எழுதிவிட்டால் 0 − 6 = −6, 3 − 0 = 3, படித்திறன் −2. குறியைத் தனியாக ஒட்ட வேண்டியதில்லை. கழித்தலிலிருந்து தானாக வந்துவிடுகிறது. எந்தப் புள்ளியிலிருந்து எதைக் கழித்தாலும் சரி, மேலேயும் கீழேயும் ஒரே ஒழுங்கில் கழித்தால் போதும்.

அதற்கு முன் அவர்கள் கண்ணால் காண வேண்டியது ஒன்று இருந்தது. வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, எல்லோருக்கும் 'வை = 2எக்ஸ் − 4' என்ற ஒரே சமன்பாட்டைக் கொடுத்தேன். எக்ஸ் அச்சு மூவருக்கும் ஒன்றுதான். வை அச்சில் ஒரு குழுவுக்குக் கட்டத்துக்கு ஓர் அலகு, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு. மூன்று தாள்களையும் பலகையில் அருகருகே ஒட்டினோம். முதற்கோடு நன்றாக நிமிர்ந்து ஏறியது. இரண்டாவது 45 பாகை. மூன்றாவது படுத்துக் கிடந்தது. கட்டத்தை எண்ணினால் 2, 1, 1/2. பின் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, ஒரு குழு பிழையாகக் கீறிவிட்டது என்றான். எது பிழை என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். மூன்று தாளிலும் (2, 0) இருக்கிறதா, (4, 4) இருக்கிறதா என்று அவனே முன்னால் வந்து விரல் வைத்துத் தேடினான். எல்லாவற்றிலும் இருந்தது. "அப்படியானால் மூன்றும் ஒரே கோடா சேர்?" என்று கேட்டான். வகுப்பு பதில் சொல்லட்டும் என்று விட்டேன். அந்த வாதம் மணி அடிக்கும் வரை நீண்டது.

கடைசித் தீர்மானம் மூன்றாம் புள்ளி. சமன்பாட்டை எழுதியதும், கணக்கில் பயன்படுத்தாத இன்னொரு புள்ளியைக் கோட்டில் தெரிந்து பிரதியிட வேண்டும். இரண்டாம் கோட்டில் (1, 4) இருக்கிறது. 'வை = எக்ஸ் + 6' எனில் எக்ஸ் 1 ஆகும்போது 7 வருகிறது; 'வை = −எக்ஸ் + 6' எனில் 5; 'வை = −2எக்ஸ் + 6' எனில் 4. மூன்றில் எது இந்தக் கோட்டுக்கு உரியது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கோட்டில் உள்ள எந்தப் புள்ளியும் சமன்பாட்டைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற அடிப்படையே இதுதான். சமன்பாட்டிலிருந்து வரைபு கீறும்போது அட்டவணையில் இதைத்தான் அவர்கள் நாள்தோறும் செய்தார்கள். எதிர்த் திசையில் வரும்போதும் அதே உறவுதான் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

தொடர்ந்து நடந்தது

முதல் இரண்டு வாரம் வேகம் குறைந்தது. முன்பு அரை நிமிடத்தில் விடை எழுதியவர்கள் இப்போது மூன்று வரி எழுத வேண்டியிருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. கழித்தலின் ஒழுங்கை மேலே ஒரு மாதிரியும் கீழே மறுமாதிரியும் வைத்துக் குறியைக் கெடுத்தவர்கள் சிலர். மூன்றாம் புள்ளி அவர்களைப் பிடித்துக் கொடுத்தது. கட்ட மூலையில் இல்லாத புள்ளியைக் கண்ணளவில் தெரிந்து, (1.9, 1.6) போன்ற ஆள்கூறுகளோடு போராடிய ஒருவரும் உண்டு.

பிறகு வை அச்சே தாளில் இல்லாத வரைபொன்றைக் கொடுத்தேன். தாளின் இடது விளிம்பு எக்ஸ் = 2இல் தொடங்கியது; கோடு (2, 7), (6, 15) ஊடாகச் சென்றது. படித்திறன் 2 என்று எல்லோரும் பெற்றார்கள். ஆனால் கணிசமானோர் விளிம்பில் கோடு தொடும் 7ஐ வெட்டுத்துண்டாக எழுதினர். மாணவியும் முதலில் 7 என்றே எழுதினார். ஓரத்தில் (6, 15)ஐப் பிரதியிட்டு 2 × 6 + 7 = 19 என்று பார்த்து, 7ஐ வெட்டிவிட்டு, 15 = 12 + சி என்று போட்டு 3 என்று திருத்தினார். என்னைக் கேட்கவில்லை. அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

மூன்றாம் தவணைப் பரீட்சையில் சமனில்லாத அளவிடையோடு வந்த வினாவை வகுப்பில் பெரும்பாலானோர் சரியாகச் செய்தனர். தவறியவர்களில் இருவர் பழையபடி கட்டத்தை எண்ணியிருந்தார்கள். அவர்கள் மூன்று தாள்களையும் ஒட்டிய நாளில் வகுப்புக்கு வராதவர்கள். இன்னொரு வினாவில் எக்ஸ் = 3இல் நிலைக்குத்தாக நின்ற கோட்டுக்குப் பலர் 'வை = 3' என்று எழுதினர். (3, 1), (3, 5) என்று புள்ளி எடுத்தால் கீழே 3 − 3 = 0 வருகிறது. பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நின்றுவிட வேண்டிய இடத்தில் 'படித்திறன் 0' என்று எழுதி, கிடைக்கோட்டின் சமன்பாட்டுக்குப் போய்விட்டார்கள். எல்லா நேர்கோட்டையும் 'வை = எம் எக்ஸ் + சி' என்று எழுத முடியாது என்பதை நான் ஒரு வரியில் சொல்லிக் கடந்திருந்தேன்.

மாற்ற வேண்டியவை

தவணைப் பரீட்சைத் தாளைத் திருத்திய அன்றே, −4 சரியாகவும் 3/2 பிழையாகவும் ஒரே கையெழுத்தில் இருந்ததைக் கண்டபோது, யாராவது ஒரு பிள்ளையை அழைத்து எப்படி எழுதினாய் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஏறத்தாழ ஒன்றரை மாதம் மிஞ்சியிருக்கும். இருபது பயிற்சிகளையும் அந்த இரவு வேலையையும் தவிர்த்திருக்கலாம்.

மாடிப்படி உதாரணத்தை முற்றாக விடவில்லை. ஏறுதல், இறங்குதல் என்ற எண்ணம் முதல் நாளில் தேவைப்படுகிறது. ஆனால் அதற்கு அடுத்த பாடத்திலேயே ஆள்கூறு வர வேண்டும். இந்த ஆண்டு தரம் 10க்கு நான் கீறிக் கொடுக்கும் முதல் வரைபிலேயே இரு அச்சுகளின் அளவிடை வெவ்வேறாக இருக்கிறது. பார்த்தவுடன் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அந்த வகுப்பில் ஒருத்தி, எக்ஸ் அச்சில் ஒரு கட்டத்துக்கு எவ்வளவு என்று கேட்ட பிறகே பென்சிலை எடுத்தாள்.

நிலைக்குத்துக் கோட்டுக்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறேன். அது இன்னும் நடக்கவில்லை.